பொட்டு எட்டு, நிறுத்தம் ஐந்து

உட்காருங்கள் ஐயா. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். எங்கள் முதலாளி பூபதி சார் பதினோரு மணிக்கு வந்துவிடுவார். இப்போது பத்து இருபது. பெருந்துறை ரோட்டில் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள், அதனால் பதினொன்று ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கண் ஆஸ்பத்திரி மேனேஜர் என்று எனக்குத் தெரியும். காலையிலேயே சார் போன் செய்தார். "மாராத்தாம்மா, ஆஸ்பத்திரிக்காரரு வருவாரு. உக்கார வைங்க, காபி குடுங்க, வேற ஒண்ணும் பேச வேண்டாம்" என்றார். மூன்று விஷயம். ஒன்று முடிந்தது. பால் அடுப்பில் இருக்கிறது, அது இரண்டாவது. மூன்றாவது எனக்குச் சிரமமே இல்லை. நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஸ்பின்னிங் மில்லில் இருபத்திரண்டு வருஷம் நூல் கோன் எண்ணிப் பெட்டியில் அடுக்கினேன். எண்ணுகிறவள் பேசினால் எண்ணிக்கை போய்விடும். இங்கே வந்து ஆறு வருஷம். கூட்டுவது, காபி டீ போடுவது, காலையில் திறப்பது, சாயங்காலம் பூட்டுவது. ஐந்தாவது வரை படித்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குச் சார் அனுப்பிய கடிதத்தில் நாற்பத்தொரு பேர் என்று இருக்கும். இங்கே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தீபன் தம்பி அதை வாசித்துக் காட்டும்போது நான் தம்ளர் எடுத்துக்கொண்டிருந்தேன், காதில் விழுந்தது. அது நாற்பத்தொன்று இல்லை ஐயா. நாற்பத்து மூன்று. அதை மட்டும் திருத்திக்கொண்டால் போதும். மற்றதெல்லாம் சார் பேசிக்கொள்வார்.

இல்லை, எப்படித் தெரியும் என்று கேட்டால் நான் முதலிலிருந்து சொல்ல வேண்டும். நீங்கள்தான் கேட்கிறீர்கள். சரி, கணக்குச் சரியாக இருந்தால் சாருக்கும் நல்லதுதானே. நீங்கள் இன்றைக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் போனால் பதினொரு பேரில் ஆறு பேரை நிறுத்த வேண்டி வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆறில் தீபன் தம்பியும் உண்டு. தப்பான எண்ணை வைத்துக்கொண்டு நீங்கள் முடிவு எடுக்கக் கூடாது.

செப்டம்பர் மாதம் ஒரு திங்கட்கிழமை. தீபன் தம்பி வந்து, "பெரீம்மா, நம்மகிட்ட புதுசா அஞ்சு பேர் வேலைக்குச் சேந்துருக்காங்க" என்றார். நான் அரை லிட்டர் பால் கூட வாங்கினேன். பதினோரு மணிக்குப் பதினாறு தம்ளர் கொண்டுபோய் வைத்தால் எல்லோரும் சிரிக்கிறார்கள். "அவங்க டீ குடிக்க மாட்டாங்க பெரீம்மா, ஏஜென்டுங்க." கம்ப்யூட்டரிலேயே பேசுகிற ஏஜென்ட். உங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிற போனை ஒன்று எடுக்கும். ஒன்று தேதி கொடுக்கும். ஒன்று மெசேஜ் அனுப்பும். ஒன்று புகார் கேட்கும். ஐந்தாவது, மற்ற நாலும் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கும். அந்த ஐந்தாவது வேலையை நான் புரிந்துகொண்டேன். மில்லில் எங்களுக்கும் ஒரு சூப்பர்வைசர் உண்டு.

"எங்கப்பா இருக்குது அதெல்லாம்?" என்று கேட்டேன்.

"கிளவுட்ல ஏத்திட்டோம் பெரீம்மா. மேகத்துல."

"எந்த ஊரு மேகம்?"

"பம்பாய்ப் பக்கம் இருக்கும். சரியாத் தெரியாது. இடம் வாடகைக்கு விடறவங்க இருக்காங்க, அவங்க கட்டடத்துல ஏதோ ஒரு மிஷின்ல ஓடும்."

எந்த மிஷின் என்று தெரியாமல் ஒரு வேலையை ஏற்றிவிட்டு இவர்களால் எப்படி வீட்டுக்குப் போய்த் தூங்க முடிகிறது என்று நினைத்தேன். நினைத்தேன், அவ்வளவுதான். சொல்லவில்லை.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. போன புதன்கிழமை. இந்த ஆபீசில் பொட்டு வைப்பது என் வேலை. நோட்டில் வருஷவாரியாக எழுதியிருக்கிறேன். போன வருஷம் முப்பத்தொரு உருப்படி. லேப்டாப் பதினொன்று, பிரிண்டர் இரண்டு, இன்வெர்ட்டர், பேட்டரி, மிக்ஸி, எல்லாம் சேர்த்து. இந்த வருஷம் ஏஜென்ட் ஐந்து கூடியிருக்கிறது. அதற்கு எங்கே பொட்டு வைப்பது?

தீபன் தம்பியிடம் கேட்டேன். "பம்பாய்க்கு டிக்கெட் போடட்டுங்களா பெரீம்மா? குங்குமச் சிமிழோட போயிட்டு வந்துருங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பூபதி சார் மட்டும் சிரிக்கவில்லை. முதல் வருஷம் இன்வெர்ட்டருக்குப் பொட்டு விட்டுப்போய், அது கார்த்திகையில் வெடித்தது. அதிலிருந்து அவருக்குப் பயம். "பேரையெல்லாம் ஒரு பேப்பர்ல பிரிண்ட் எடு தீபா. அதுக்கு வெச்சுக்கட்டும்" என்றார்.

தீபன் தம்பி பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். நான் எண்ணினேன். எட்டு.

திரும்பவும் எண்ணினேன். எட்டு.

"தம்பி, அஞ்சுன்னு சொன்னீங்க. எட்டு இருக்குது."

"அதுல மூணு பழசு பெரீம்மா. ஆகஸ்ட்ல வெள்ளோட்டம் விட்டோமே, அது. அதெல்லாம் செத்துப்போச்சு."

"பக்கத்துல பச்சைப் புள்ளி இருக்குதே? அஞ்சுக்கும் பச்சை, மூணுக்கும் பச்சை."

"அது சும்மா காட்டும். நீங்க சுண்டலைப் பாருங்க, கருகற வாசம் வருது."

சுண்டல் கருகவில்லை. நான் எட்டுக்கும் பொட்டு வைத்தேன். பேப்பரில் இருப்பதை விட்டுவிட எனக்கு மனசு வராது.

பூஜை முடிந்ததும் இன்னொன்று கேட்டேன். அதுவும் ஒரே ஒரு வார்த்தைதான். பூஜையில் வைத்த கருவியை மறுநாள் வரைக்கும் எடுக்கக் கூடாது இல்லையா? லேப்டாப் மூடியாயிற்று, பிரிண்டர் நிறுத்தியாயிற்று. "ஏஜென்ட் மட்டும் ஓடிட்டே இருக்குதே சார், அது முறையா?" என்றேன். சார் யோசித்தார். மறுநாள் காலைப் பத்தரை வரைக்கும் குளிகை என்று காலண்டரில் பார்த்தார். "ஆஸ்பத்திரி ஓ.பி. இன்னிக்கு லீவுதான? யாரு போன் பண்ணப் போறா? நிறுத்திரு தீபா. நாளைக்குப் பத்தரைக்கு மேல ஏத்திக்கலாம்" என்றார்.

உங்களிடம் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவில்லையா? சரி. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

தீபன் தம்பி நிறுத்தினார். பக்கத்தில் நின்று எண்ணினேன். ஐந்து தடவை அழுத்தினார், ஐந்து பச்சைப் புள்ளி சாம்பல் நிறமானது. "மீதி மூணு தம்பி?" என்றேன். "பெரீம்மா, பொரி கொண்டாங்க" என்றார். கொண்டுவந்தேன். நோட்டில் எழுதிவைத்தேன். இதோ பாருங்கள், புதன்கிழமை. பொட்டு எட்டு, நிறுத்தம் ஐந்து. என் கையெழுத்து அவ்வளவு அழகாக இருக்காது.

மறுநாள் விஜயதசமி. எல்லோரும் பத்தரைக்கு மேல்தான் வருவார்கள். நான் ஏழு நாற்பதுக்குத் திறந்தேன். திறக்கும்போதே படியில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். புருஷன் பெண்டாட்டி. அந்த அம்மாவுக்குக் கண்ணில் பச்சைத் துணி.

"ஏனுங்கம்மா, கண் டாக்டர் தீபன் இங்கதானுங்களா?"

"தீபன் இருக்காருங்க. டாக்டர்னு எனக்குத் தெரியாது."

"போன்ல அந்தப் பொண்ணு அப்படித்தாஞ் சொல்லுச்சு. காலைல எட்டு மணி, டயர் கடைக்கு மேல ரெண்டாவது மாடின்னு. ரொம்ப மரியாதையான பொண்ணுங்க. வெறும் வயித்தோட வரச் சொல்லுச்சு."

நான் அவர்களை உள்ளே உட்கார வைத்தேன். தீபன் தம்பி மூன்று வருஷமாக இங்கே இருக்கிறார், டாக்டருக்குப் படித்ததாகச் சொன்னதில்லை. ஆனால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்னென்னவோ படிக்கிறார்கள், நம்மிடம் எல்லாவற்றையும் சொல்வதும் இல்லை. சாருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. கோயிலில் இருந்திருப்பார். தம்பிக்கும் செய்தேன். அணைத்து வைத்திருந்தார். அவர் போனுக்கும் நான் பொட்டு வைத்திருந்தேன் அல்லவா.

எட்டு மணிக்கு இருபத்தாறு பேர். எல்லோருக்கும் எட்டு மணி என்றே சொல்லியிருக்கிறது. ஆகஸ்டில் வெள்ளோட்டம் விடும்போது ஏதாவது ஒரு விலாசம் வேண்டுமே என்று இந்த ஆபீஸ் விலாசத்தைப் போட்டிருக்கிறார்கள். ஏதாவது ஒரு டாக்டர் பேர் வேண்டுமே என்று தம்பி தன் பேரைப் போட்டுக்கொண்டார். ஒரே ஒரு நேரம், எட்டு மணி. ஐந்தும் நின்றதும், வந்த போனையெல்லாம் பழைய மூன்றும் எடுத்திருக்கின்றன. அந்த மேகத்துக்காரர்கள் அப்படித்தான் வைத்திருப்பார்களாம், ஒன்று எடுக்காவிட்டால் உயிரோடு இருக்கிற இன்னொன்றுக்குப் போகும்படி. அந்த மூன்றின் மேல் எனக்குக் குறை இல்லை ஐயா. அவற்றை யாரும் நிறுத்தவில்லை, யாரும் புது விலாசம் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொல்லி வேலை செய்திருக்கின்றன.

கருப்புக் கண்ணாடி போட்டவர்கள், ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டவர்கள், பேரனைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். சத்தியமங்கலத்திலிருந்து வந்த ஒரு அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே, "கண்ணு தெரியாதவங்களுக்கு ரெண்டாம் மாடியில ஆஸ்பத்திரி வெச்ச புண்ணியவான் யாருடி?" என்றாள். "பூபதி சார்" என்றேன். கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும் இல்லையா?

இங்கே நாற்காலி பதினான்கு. மற்றவர்களுக்குப் பாய் விரித்தேன். ஆளுக்கு ஆள் "நான்தான் முன்னால வந்தேன்" என்று ஆரம்பித்ததும், பழைய காலண்டர் தாளைக் கிழித்து நம்பர் போட்டுக் கொடுத்தேன். நோட்டில் நம்பர், பேர், ஊர் எழுதினேன். கடைசி நம்பர் நாற்பத்து மூன்று. அதன் பிறகு ஒரு சத்தம் இல்லை. பொரி மூன்று படி மிச்சம் இருந்தது, டீயும் போட்டிருக்கலாம். வெறும் வயிறு என்று சொல்லியிருக்கிறதே என்று நான் கொடுக்கவில்லை.

பத்து முப்பத்திரண்டுக்குத் தீபன் தம்பி வந்தார். புதுச் சட்டை, நெற்றியில் சந்தனம். உள்ளே கால் வைத்ததும் எல்லோரும் எழுந்து நின்று கும்பிட்டார்கள்.

"பெரீம்மா, யாரு இவங்கெல்லாம்?"

"உங்களைப் பாக்கத்தான் வந்துருக்காங்க, டாக்டர்."

எல்லோரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், எனக்கும் வாயில் வந்துவிட்டது. பச்சைத் துணி போட்ட அம்மா, "என்னமோ பெரிய வயசுக்காரரா இருப்பாருன்னு நெனச்சேன், சின்னப் புள்ளையா இருக்குது. நல்லா இரு சாமி" என்றாள். தம்பி, "அய்யோ, நான் டாக்டர் இல்லீங்க, இன்ஜினியருங்க" என்றார். ஒரு பெரியவர் விடவில்லை. "பரவால்ல தம்பி, கோபியிலிருந்து பஸ் ஏறி வந்துட்டேன். ஒருக்கா டார்ச் அடிச்சுப் பாத்துருங்க."

தம்பி லேப்டாப்பைத் திறந்து பார்த்தார். மூன்று பச்சைப் புள்ளி. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நான் சமையல்கட்டுக்குப் போய்விட்டேன். நான் புதன்கிழமையே சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திரும்பி வந்தபோது அந்த மூன்றையும் அழித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றுக்கும் "நிச்சயமாகவா?" என்று அது கேட்டது. மூன்று தடவை ஆமாம் என்று அழுத்தினார். நோட்டில் அதையும் எழுதினேன்.

அப்புறம் பூபதி சார் வந்தார், இரண்டு வேன் பிடித்தார், எல்லோரையும் உங்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நீங்கள் பார்த்திருப்பீர்கள். வேனில் ஏறும்போது சாரே எண்ணினார். நாற்பத்தொன்று. சாயங்காலம் கடிதம் எழுதும்போது அதைத்தான் போட்டார்.

அந்தக் கிளவுட்காரர்களிடம் ஏதோ தடங்கல் என்றுதானே எழுதியிருக்கிறது? ஆமாம், அப்படித்தான் வாசித்தார்கள். அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது ஐயா. நான் சொல்ல வந்தது எண்ணிக்கை மட்டும்தான். வேனில் ஏறியவர்கள் நாற்பத்தொன்று. இங்கே வந்தவர்கள் நாற்பத்து மூன்று. இரண்டு பேர் அதற்கு முன்னாலேயே போய்விட்டார்கள். சாரிடம் வியாழக்கிழமை சொன்னேன். "ரெண்டு பேருக்காக லெட்டரை மாத்தச் சொல்றீங்களாம்மா?" என்றார். நேற்றும் சொன்னேன். அவர் போனில் இருந்தார். இரண்டு தடவைக்கு மேல் ஒரு விஷயத்தைச் சொல்ல எனக்குக் கூச்சம்.

யாரென்றா? இதோ இருக்கிறது. முப்பத்தொன்று, பாவாயி, சென்னிமலை. கண்ணாடி மாற்ற வந்தவள். பசி தாங்காமல் ஒன்பதேகாலுக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த வாரம் வருகிறேன் என்றாள்.

இன்னொருவர் பத்தொன்பது. ஆறுச்சாமி, ஊர் கருக்கம்பாளையம், அந்தியூர்ப் பக்கம். தனியாக வந்தவர். ஒன்பது நாற்பதுக்குப் போய்விட்டார்.

அவர் எதற்கு வந்தார் என்றால், வலது கண். வலி ஒன்றும் இல்லை என்றார். திங்கட்கிழமை மின்னல் மாதிரி இரண்டு வெட்டு வெட்டியதாம். அப்புறம் பூச்சி பறக்கிற மாதிரி. செவ்வாயிலிருந்து கீழேயிருந்து கருப்புத் திரை மாதிரி ஒன்று ஏறுகிறதாம். "நேத்துக் கால்வாசி மறைச்சுது. இன்னிக்குப் பாதி வந்துருச்சுங்க" என்றார். வயசானால் கண்ணில் ஏதாவது வரத்தான் செய்யும். எனக்கும் வலது பக்கம் கொஞ்சம் மங்கல்தான்.

கேட்டார். ஆமாம், கேட்டார். மூன்று தடவை கேட்டார். "அம்மிணி, என்னை மட்டும் முன்னால உட்டுருங்க, எனக்கு என்னமோ பயமா இருக்குது" என்றார். நான் எப்படி விடுவது? முன்னால் பதினெட்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். சத்தியமங்கலத்து அம்மா பார்த்துக்கொண்டே இருக்கிறாள். ஒருவரை விட்டால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். "நம்பர் நம்பர்தானுங்க" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். வரப்போகிறவர் டாக்டரே இல்லை என்று அப்போது எனக்குத் தெரியாதே. கொஞ்ச நேரம் சீட்டை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சீட்டும் நோட்டில்தான் இருக்கிறது.

முறைப்படிதானே செய்தேன்?

ஏன் ஐயா எழுந்துவிட்டீர்கள்? பால் பொங்குகிறது, இருங்கள், அணைத்துவிட்டு வருகிறேன்.

யாரிடம் பேசுகிறீர்கள், டாக்டரிடமா? இன்றைக்கே கூட்டிவரச் சொல்கிறாரா? விட்டால் அந்தக் கண் போய்விடுமா? இன்றைக்கு ஐந்தாவது நாள் ஐயா. திரை ஏற ஆரம்பித்தது செவ்வாய். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. ஐந்து. ஆமாம், ஐந்து என்று சொல்லுங்கள்.

போன் நம்பர் இல்லை. அவரிடம் போன் கிடையாது. பஸ் நிறுத்தத்துப் பெட்டிக்கடைக்காரர் போனில் பேசித்தான் தேதி வாங்கினாராம். கருக்கம்பாளையத்தில் இறங்கி, வாய்க்கால் தாண்டி, ரைஸ் மில்லுக்குப் பின்னால் வீடு. அதுவும் எழுதியிருக்கிறேன். ஆனால் ஆறுச்சாமி என்று கேட்டால் அந்தப் பக்கம் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். உங்கள் டிரைவருக்கு முகம் தெரியாது. இங்கே அவர் முகத்தைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

நான் வருகிறேன் ஐயா. கொஞ்சம் பொறுங்கள், பூட்டிவிடுகிறேன். சாவியை டயர் கடையில் கொடுத்துவிடலாம். சார் வந்து கேட்டால், மாராத்தாள் ஒன்றும் பேசவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பேசினேன். ஏஜென்ட் எட்டு இருந்ததையும், உங்களைக் கேட்காமல் நிறுத்தியதையும், இரண்டு பேர் குறைந்ததையும் சொன்னேன் என்று நானே சொல்லிக்கொள்கிறேன். நிறுத்துகிற பேச்சை முதலில் எடுத்தது யார் என்று அவர் கேட்பார். நான்தான், அதையும் சொல்லிக்கொள்கிறேன்.

பார்த்து இறங்குங்கள். திருப்பத்தில் வெளிச்சம் இருக்காது. அன்றைக்கு அவரும் இப்படித்தான் இறங்கினார். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியையும் காலால் தடவித் தடவி. நான் மேலே நின்று பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருபதாம் நம்பரைக் கொஞ்சம் முன்னால் தள்ளி உட்காரச் சொன்னேன்.